எழுபது வளைவும் ஒரு குடம் வெந்நீரும்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் சாலையோரமாகக் கொஞ்ச நேரம் நின்றால் போதும், மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிகளை மூக்காலேயே தரம் பிரித்துவிடலாம். பழகிய கை ஓட்டிய வண்டி சத்தமில்லாமல் கடந்து போகும். வார இறுதிக்கு வெளியூரிலிருந்து வந்த வண்டி என்றால் கருகிய பிரேக் வாடை முன்னால் வரும், கார் பின்னால் வரும். மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பலகை நட்டு எண் போட்டிருக்கிறார்கள். பாதி வளைவுக்குள்ளேயே பின்சீட்டில் யாருக்காவது குமட்ட ஆரம்பித்துவிடும். ஏறும்போது எஞ்சின் திணறுவதைக் காதால் கேட்கிறோம், அதனால் பயப்படுகிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது இறங்கும்போதுதான்.

காரணம் எளிய கணக்கு. அடிவாரத்திலிருந்து மலைமேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க சுமார் 10 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். அது எங்கும் போய்விடுவதில்லை, உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இறங்கும்போது அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும், வேகமாகவோ சூடாகவோ. வேகமாக வந்தால் வளைவில் திரும்ப முடியாது. ஆகவே சூடாக வருகிறது. 10 லட்சம் ஜூல் என்பது மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சூடு. நூறு கிலோவுக்கு மூன்று லிட்டர். 450 கிலோ எடையுள்ள ஒரு சின்ன டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இறங்கினால், ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூட்டைக் கூடுதலாக இழுத்துக்கொண்டு இறங்குகிறீர்கள். டயரும் காற்றும் கொஞ்சம் தின்னும், தாழ்ந்த கியரில் எஞ்சின் கொஞ்சம் தின்னும். மீதி முழுக்க பிரேக்குக்குத்தான். "ஏறின கியரிலேயே இறங்கு" என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

டிரெய்லர் என்றதும் நமக்கு டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றிப் போவதுதான் நினைவுக்கு வரும். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்னப் பெட்டி வண்டி நம் ஊரில் அபூர்வம். ஆனால் கொல்லிமலை போன்ற இடத்துக்கு அது பொருத்தமான யோசனை என்றே நினைக்கிறேன். சனி ஞாயிறு இருவர் படுத்துறங்க, அடுப்பு வைக்க, தண்ணீர் கேன் அடுக்க ஒரு பெட்டி. மற்ற நாளில் அதே பெட்டியில் பலாப்பழம், வாழைத்தார், மிளகு மூட்டை. ஒன்றே இரண்டுக்கும். பிரச்சினை எடைதான். மேலே சொன்ன குடத்தை எவ்வளவு சின்னதாக்க முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க.

இதைக் கேட்பதற்கு, கொல்லிமலை இருக்கும் நாமக்கல்லைவிடத் தோதான மாவட்டம் கிடையாது. லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கும், போர்வெல் ரிக் வண்டிகளில் திருச்செங்கோட்டுக்கும் இந்தியா முழுக்கப் பெயர் உண்டு. அந்தப் பட்டறைகளின் இரும்பு அறிவு பெரிய சொத்து. ஆனால் அங்கே ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று கேட்டால் முதல் பதில் அநேகமாக "கனமா இருந்தாத்தான் சார் தாங்கும்" என்றுதான் இருக்கும். இருபது டன் ஏற்றும் லாரிக்கு அது நியாயம். 200 கிலோ சாமான் ஏற்றும் பெட்டிக்கு 400 கிலோ இரும்பு கட்டினால், மலையேறுவது சாமான் அல்ல, பெட்டிதான்.

கணக்குக்கு ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், உயரம் 1.2 மீட்டர். ஆறு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 16 சதுர மீட்டர். 1.2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ. ஆக, தகடு மட்டுமே 150 கிலோ. தகட்டைப் பிடித்து நிற்கும் சட்டம், ஆணி, வெல்டிங், பெயின்ட் எல்லாம் தனி.

ஃபைபருக்கு வருவோம். ஃபைபர் என்று நாம் சுருக்கிச் சொல்வது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த கலவை. கண்ணாடி என்றால் உடையும் என்றுதானே தெரியும்? பிரிட்டனில் விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரைத்தான் பிடித்தது. கண்ணாடி பலவீனமான பொருளல்ல. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன, உடைவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. கண்ணாடியை இழையாக இழுக்க இழுக்க, இழை மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அதில் இடமே இருக்காது. இழை மெலிந்தால் பலம் கூடுகிறது. அப்போதுதான் இழுத்த கண்ணாடி இழையின் இழுவலிமை, வீடு கட்டும் கம்பியைவிட ஆறு மடங்கு வரை போகும்.

இழையை மலிவாகத் தயாரிக்கும் வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. 1932இல் அமெரிக்காவில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடி மேல் பட்டது. பஞ்சு மிட்டாய் போல இழை பறந்தது. அந்தப் பஞ்சை என்ன செய்வது என்ற கேள்விக்கு, அடுத்த பத்தாண்டுக்குள் பாலியெஸ்டர் ரெசின் பதில் சொன்னது. சுவர் வைக்க மண் பிசையும்போது வைக்கோலை வெட்டிப் போட்டு மிதிப்பார்களே, அதே தத்துவம். மண் அழுத்தத்தைத் தாங்கும், வைக்கோல் விரிசலைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ரெசின் மண், கண்ணாடி இழை வைக்கோல்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இது புதிய பொருளும் அல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடா மீன்பிடித் திட்டம், அலையடிக்கும் மணற்கரையில் நேராக ஏறி நிற்கக்கூடிய ஃபைபர் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் வல்லங்கள் குவிந்தன. கட்டுமரம் ஓட்டிய கைகளே பிரஷ்ஷும் ரோலருமாக உடைந்த வல்லத்துக்கு ஒட்டுப் போடக் கற்றுக்கொண்டன. ஃபைபர் வேலையை நேரில் பார்க்க வேண்டுமென்றால், மலைக்குப் போவதற்கு முன் நாகப்பட்டினம் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.

அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கணம் ஒன்று உண்டு. மேட் என்பது வெள்ளை வெளேரென்ற கண்ணாடி இழை விரிப்பு. ஆயிரக்கணக்கான துண்டு இழைகள் தாறுமாறாகப் படுத்திருக்கும், மெல்லிய பசை அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். மோல்டில் ரெசினைத் தடவி, அதன் மேல் மேட்டைப் போட்டு, பிரஷ்ஷால் குத்தக் குத்த அது தளர்ந்து படிகிறது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் அந்தப் பசையைக் கரைத்துவிடுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கும். வெள்ளை மறைந்து, மழையில் நனைந்த வேட்டி போல அடியில் இருப்பது தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடியும் ரெசினும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால் இழை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. எங்கே இன்னும் வெள்ளை தெரிகிறதோ அங்கே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். ரோலரால் உருட்டி அந்த வெள்ளையை வெளியே தள்ள வேண்டும். இதற்கு மேல் ஒரு தரச் சோதனைக் கருவி வீட்டு வேலைக்குத் தேவையில்லை, கண் போதும்.

இங்கேதான் பெரும்பாலோர் தப்புச் செய்கிறார்கள். வெள்ளை போகவில்லை என்றால் உருட்டுவதை விட்டுவிட்டு இன்னும் ஒரு மக்கு ரெசின் ஊற்றுவார்கள். பலம் இழையில் இருக்கிறது. ரெசின் அதைச் சேர்த்துப் பிடிக்கும் சாந்து. 450 கிராம் மேட் என்று கடையில் கேட்டால் சதுர மீட்டருக்கு 450 கிராம் இழை உள்ளதைக் கொடுப்பார்கள். அதற்கு ஒரு கிலோ சொச்சம் ரெசின் சரியான அளவு. இரண்டும் சேர்ந்து ஒன்றரை கிலோ, தடிமன் சுமார் ஒரு மி.மீ. இரண்டு கிலோ ஊற்றினால் எடை ஏறும், பலம் ஏறாது. ரெசின் தேங்கிய இடம் பின்னால் விரிசல் விடும். தராசு வைத்து அளந்து ஊற்றுங்கள். கண்ணளவு சமையலுக்குச் சரி.

ஃபைபருக்கு ஒரு குறையும் உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. எளிதில் உடையாது, ஆனால் வளையும். துண்டு இழை மேட்டில் செய்த ஃபைபரின் விறைப்பு இரும்பில் முப்பதில் ஒரு பங்குதான். ஒரு மி.மீ. தாளைக் கையில் பிடித்து ஆட்டினால் முறம் போல ஆடும். பட்டறையில் இதற்கு உடனடி மருந்து "இன்னும் ரெண்டு கோட்டிங் போடு". இரண்டு நான்காகும், நான்கு ஆறாகும், கடைசியில் பார்த்தால் இரும்பின் எடைக்கே வந்து நிற்கும். ஃபைபர் பெட்டி கட்டியும் கனமாகிவிட்டது என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

வீட்டில் ஃபைபர் கதவு வைத்த குளியலறை இருந்தால் அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். மரக்கதவின் சத்தம் வராது, 'தொப் தொப்' என்று வரும். மேலே மெல்லிய ஃபைபர் தோல், நடுவே நுரை, பின்னால் இன்னொரு தோல். விடை அந்தக் கதவுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பலகையை வளைக்கும்போது ஒரு முகம் நீள்கிறது, மறுமுகம் சுருங்குகிறது, நடுப்பகுதி கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் இடத்தில் எதற்குக் கனமான பொருள்? இரண்டு மி.மீ. தடிமனை அப்படியே வைக்காமல், ஒரு மி.மீ. வீதம் இரண்டாகப் பிரித்து, நடுவே 20 மி.மீ. நுரை வைத்தால் விறைப்பு 300 மடங்குக்கு மேல் கூடுகிறது. அச்சுப் பிழையல்ல, முந்நூறு மடங்குதான். நுரை சற்றே நெளிந்து கொடுப்பதால் நடைமுறையில் அவ்வளவும் கைக்கு வராது, வருவதே தாராளம். இதற்குக் கூடும் எடை சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூட இல்லை.

நம் பெட்டிக்கு வெளித்தோல் இரண்டு மேட், உள்தோல் ஒரு மேட், நடுவே நுரை என்று வைத்தால் சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோவுக்குள் முடியும். 16 சதுர மீட்டருக்கு 85 கிலோ அளவு. இரும்பின் 150 எங்கே, இது எங்கே! போதாததற்கு அந்த நுரை மலைக்குளிரை உள்ளே விடாது. மார்கழி இரவில் தகரப் பெட்டிக்குள் படுத்து, மூச்சுக்காற்று கூரையில் குளிர்ந்து முகத்தில் சொட்டக் கண்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எந்த நுரை என்பதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். கைக்குக் கிடைத்த தெர்மோகோல் பலகை மேல் பாலியெஸ்டர் ரெசினைத் தடவினேன். பொரி மேல் வெந்நீர் ஊற்றியது போல அது சுருங்கிக்கொண்டே போயிற்று. சில நிமிடத்தில் குழி விழுந்து கடைசியில் கோந்துதான் மிச்சம். தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன். ரெசினில் இருப்பது ஸ்டைரீன். உறவுக்காரர்களை ஒரே அறையில் விட்டால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. பாலியூரித்தேன் நுரை இதில் கரையாது. இல்லை, தெர்மோகோல் வகைதான் வைப்பேன் என்றால் எப்பாக்சி ரெசினுக்கு மாற வேண்டும், விலை கூடும்.

இன்னொரு எச்சரிக்கை: போல்ட் போடும் இடம். நுரையில் போல்ட்டை முடுக்கினால் இரண்டு தோலும் நசுங்கிக் குழியும். கீல், தாழ்ப்பாள், சேஸிஸோடு சேரும் இடம் எல்லாவற்றிலும் நுரையை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல ஒட்டுப்பலகைத் துண்டை உள்ளே பதித்து மேலே மேட் போட வேண்டும். துளையின் ஓரத்தை ரெசினால் அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது.

வடிவத்தைப் பற்றிச் சொல்ல ஒரு கனடாக் கதை பொருத்தம். வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் ஃபைபரில் கழிவுநீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தார். அந்த அனுபவத்திலிருந்து 1968இல் போலர் என்ற சின்னக் கேரவனைக் கொண்டுவந்தார். 13 அடி நீளம், எடை 400 கிலோ அளவு. மேல் பாதி ஒரு வார்ப்பு, கீழ் பாதி ஒரு வார்ப்பு. முட்டை ஓட்டின் இரு பாதிகளை இடுப்பில் ஒட்டியது போல. கூரையில் ஒட்டே இல்லை என்பதால் ஒழுக வழியில்லை. எங்கும் வளைவு என்பதால் மெல்லிய ஓடே விறைத்து நின்றது. கழிவுநீர்த் தொட்டி செய்தவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியமில்லை. மண்ணுக்குள் புதைந்து அழுத்தம் தாங்கும் ஓட்டின் சூட்சுமம் அவருக்குத் தெரியும். ஆக, மூலைகளைக் கூராக விடாதீர்கள். கூர்மூலையில் மேட் படியாமல் தூக்கிக்கொள்ளும், காற்று மாட்டும். நான்கு விரல் அளவாவது உருட்டி விடுங்கள்.

அடுத்தது வானிலை. ரெசினோடு கோபால்ட் கலந்த ஆக்சிலரேட்டரைக் கலந்து வைத்துக்கொண்டு, தடவும் முன் கேட்டலிஸ்ட் சேர்ப்பார்கள். கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அது உடைந்து தரும் துணுக்குகள் ரெசின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோக்கின்றன. திரவம் வலையாகி இறுகுகிறது, சூடும் கக்குகிறது. இந்த வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. சுமாராகப் பத்து டிகிரி குறைந்தால் இறுக இரண்டு மடங்கு நேரம் ஆகும். மே மாதம் நாமக்கல் வெயிலில் கலந்தால் மக்கிலேயே கட்டியாகிப் புகைய ஆரம்பித்துவிடும். அதே அளவை டிசம்பரில் மலைமேல் செம்மேட்டில் கலந்தால் மறுநாளும் கையில் ஒட்டும். கேட்டலிஸ்ட்டை ஏகத்துக்கும் கூட்டி இதைச் சரிக்கட்ட முயலாதீர்கள், வார்ப்பு முறுகலாகிவிடும். பெட்டியைச் சமவெளியில், காலை வேளையில், நிழலில் போட்டு முடித்து, மலைக்கு ஏற்றுவதே புத்திசாலித்தனம். ஈரக்காற்றில் மேட் நனைந்திருந்தால் ரெசின் ஒட்டாது என்பதும் மலைமேல் வேலை செய்யாமலிருக்க ஒரு காரணம்.

இதில் உயிர் போகும் விஷயம் ஒன்று: ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது. வெடிக்கும். முதலாவது ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே இரண்டாவது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஸ்டைரீன் வாடைக்குத் துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, அதற்கான வடிப்பான் வைத்த முகமூடி வேண்டும்.

இனி அடியில் இருக்கும் இரும்பு. இங்கே நாமக்கல் பட்டறைக்காரர் பேச்சைக் கேட்கலாம். சேஸிஸ், ஆக்சில், பட்டை ஸ்பிரிங், கொக்கி எல்லாம் இரும்புதான். ஃபைபரில் வீரம் காட்டும் இடம் இதுவல்ல. 50 மி.மீ. சதுரக் குழாயில் 14 மீட்டர் போட்டால் 60 கிலோ. ஆக்சில், சக்கரம், ஸ்பிரிங் 80 கிலோ என்று வைத்தால் காலிப் பெட்டி 230 கிலோவுக்குள் நிற்கும். 200 கிலோ சாமானோடு 430.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் காரின் தடத்தில் வராது. உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். கொக்கி எட்டு மீட்டர் ஆரத்தில் வளைகிறது என்றால், கொக்கியிலிருந்து டிரெய்லர் ஆக்சில் வரை இரண்டரை மீட்டர் இருக்கும்போது சக்கரம் 40 செ.மீ. உள்ளே வரும். அதை நான்கு மீட்டராக்கினால் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே வரும். மலைப்பக்க வளைவில் ஓடைக்குள் இறங்கும். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான், வேறொன்றுமில்லை. கொல்லிமலைக்குக் குட்டைப் பெட்டிதான் சரி.

சாமான் ஏற்றுவதிலும் ஒரு கணக்கு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கி மேல் அழுந்த வேண்டும். 430 கிலோ என்றால் 43 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் மெஷினைக் கொக்கிக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்துப் பார்த்துவிடலாம். பலாப்பழத்தையெல்லாம் பின்கதவோரம் அடுக்கினால் கொக்கி லேசாகும். நேர்ச்சாலையில் வேகம் எடுத்ததும் டிரெய்லர் மாட்டு வால் போல ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் தானாகவே பெருகும், கடைசியில் காரையும் ஆட்டிவைக்கும். கனமானது எல்லாம் ஆக்சிலுக்கு மேல், சற்று முன்னால்.

பிரேக் வைத்த சின்ன டிரெய்லர்களில் பல, கார் வேகம் குறையும்போது பின்னாலிருந்து முட்டும் அழுத்தத்தாலேயே தம் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் வகை. சமவெளியில் அழகாக வேலை செய்யும். நீண்ட இறக்கத்தில் நீங்கள் கியரில் அடக்கி இறங்கும்போது டிரெய்லர் முட்டிக்கொண்டே வரும், ஆகவே அதன் பிரேக்கும் வழியெல்லாம் தேய்ந்துகொண்டே வரும். நடுவழியில் இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுவதைத் தவிர வேறு வழியில்லை. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும்.

சட்டம் சுருக்கமாக. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்பதற்குள் டிரெய்லரையும் சேர்த்தே வரையறுக்கிறது. எஞ்சின் இல்லை என்பதால் வண்டி இல்லை என்று வாதிட முடியாது. ரெசின் வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் கார் டிரெய்லரை இழுக்கலாமா, எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதைக் கையேட்டில் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

எல்லாம் முடிந்து சாமானும் ஏற்றியாகிவிட்டதா? காரவள்ளிக்குத் திரும்பும் முன் நாமக்கல்லிலோ சேந்தமங்கலம் சாலையிலோ ஏதாவது ஒரு எடை மேடையில் டிரெய்லரைத் தனியாக நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். 450க்கு மேல் காட்டினால் அங்கேயே எதையாவது இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.